தேசூர் உபவாசம்

மாதத்தில் நான்கு நாள் உபவாசம் இருப்பது என்று நான் முடிவெடுத்தது ஐந்தாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது. பெரிய முடிவுகளை வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது.

காரணம் பக்தி என்று பிரமிளாவிடம் சொன்னேன். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. காரணம் வெளிச்சம்.

நான் புகைப்படக்காரன். ஆரணியில் எங்கள் வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. குடும்பப் படங்கள் எடுக்கிறேன். முதல் பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம். ஒரே ஆள் என்னிடம் முதலில் அழுதுகொண்டு வருகிறார், பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு, பிறகு தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு. எல்லாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: சிரிங்க. எல்லாரும் என்னிடம் கேட்பதும் ஒன்றுதான்: கொஞ்சம் கலரா காட்டுங்க. பாதிப் பேர் பட்டு நெய்கிறவர்கள். மீதிப் பேர் பட்டு விற்கிறவர்கள். படத்துக்கு வரும்போது எல்லாரும் ஜரிகை. ஃபிளாஷ் அடித்தால் ஜரிகையில் பட்டு என் கண்ணுக்கே திரும்பி வரும். ஆரணியில் பட்டுப் பட்டே பாடம் படித்த ஒரே ஆள் நான்தான்.

மலைகள் அப்படியில்லை. தன்னைக் கலராகக் காட்டச் சொல்லி இதுவரை ஒரு மலையும் என்னைக் கேட்டதில்லை. பனைமரம் கண்ணை மூடிவிட்டது என்று இன்னொரு தடவை எடுக்க வைக்காது. ஏரி தன் மாமனாரையும் கூப்பிட்டு நடுவில் நிற்க வைக்காது. எனக்கு நிலக்காட்சிகள்தான் பிடிக்கும். வேலூரில் ஒரு புகைப்படக் கழகம் வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி வைக்கிறது. அதில் குடும்பம் என்று ஒரு பிரிவு, நிலக்காட்சி என்று ஒரு பிரிவு. குடும்பப் பிரிவுக்கு நான் அனுப்புவதில்லை. அது சமையல்காரன் விருந்துக்குப் போய்த் தன் சாம்பாரையே சாப்பிடுவது போல. நிலக்காட்சிக்குத்தான் அனுப்புவேன். அவர்களும் தவறாமல் திருப்பி அனுப்புவார்கள். ஒருமுறை குறிப்பும் எழுதியிருந்தார்கள்: நண்பகலில் எடுத்தது போல் இருக்கிறது.

நண்பகலில்தான் எடுத்தேன். எனக்கு ஓய்வு அப்போதுதான்.

காலை வெளிச்சம் என்னுடையதில்லை. பிரமிளா களம்பூர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவாள். பிறகு எங்கள் மகள் சந்தனாவை எழுப்பி, குளிக்கச் சொல்லி, மறுபடியும் குளிக்கச் சொல்லி, இரட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். இரண்டு சடையும் ஒரே உயரத்தில் வரும்படி பின்னத் தெரிந்த ஆண் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அதற்குப் புகைப்படக்காரனின் கண் வேண்டும். நான் ரிப்பனைக் கட்டி நிமிரும்போது சூரியன் உச்சிக்குப் பாதி வழி போயிருக்கும்.

சாயங்கால வெளிச்சமும் என்னுடையதில்லை. நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். விட்டால் மறுநாள் காலைதான். உலகத்துப் புகைப்படக்காரர்கள் எல்லாம் ஸ்டாண்டை விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில், நான் தட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். பொன்னான வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து என் ரசத்தில் விழும். அதைப் பிசைந்து சாப்பிடுவேன்.

ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். சாயங்காலமாகத் தேசூர் வரைக்கும் போய் ஏரியை எடுத்துவிட்டு வரட்டுமா என்று.

"சாப்பாடு?" என்றாள் பிரமிளா.

"கட்டிக்கினு போறேன்."

"போன தடவை கட்டிக்கினு போனீங்க. டப்பா அப்படியே திரும்பி வந்துச்சு."

"அன்னிக்கு வெளிச்சம் நல்லா இருந்துச்சு."

"அதுக்கு முந்தின தடவை காலியா வந்துச்சு."

"அன்னிக்கு சாப்ட்டு நிமிர்றதுக்குள்ள சூரியன் போயிடுச்சு."

"அப்ப அங்க போயி இன்னா பிரயோஜனம்? நாம மூணு பேரும் ஒண்ணா உக்கார்றது இந்த ஒரு வேளைதான். உக்காருங்க."

உட்கார்ந்தேன். கணக்கு டீச்சரிடம் வாதம் செய்ய முடியாது. படிப்படியாகக் கொண்டுபோய் நம்மையே விடையாக்கிவிடுவாள்.

அப்போதுதான் உபவாசம் தோன்றியது. எங்களில் அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் உபவாசம் இருப்பது உண்டு. அன்று முழுக்க ஆகாரம் கிடையாது. நான் அந்த நாட்களைக் காலண்டரில் பார்த்ததோடு சரி. ஆனால் உபவாசம் இருக்கிறவனை யாரும் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள். அவன் சாயங்காலம் எங்கே போகிறான் என்று கேட்க மாட்டார்கள். கேட்டாலும் தேசூர் கோயிலுக்குத் தரிசனத்துக்கு என்று சொல்லிவிடலாம். தேசூரில் கோயிலும் இருக்கிறது. ஏரியும் இருக்கிறது.

சாயங்காலம் ஒருவேளை மட்டும் விடுகிற உபவாசம் இருக்கிறேன் என்று முதலில் சொன்னேன். அதற்குப் பெயர் உபவாசம் இல்லை, மந்தம் என்றாள் பிரமிளா. சரி, முழு உபவாசம் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. அன்றைக்கே தன் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னாள். அம்மா தங்கைக்குச் சொன்னார்கள். அடுத்த வாரம் வந்தவாசிப் பக்கமிருந்து எனக்குத் தெரியாத ஒரு பெரியவர் போன் செய்து ஆசீர்வாதம் பண்ணினார்.

முதல் அஷ்டமியன்று தேசூர் ஏரிக்கரையில் நின்றேன். காலையிலிருந்து தண்ணீர்தான். ஸ்டாண்டின் மூன்று காலும் என் இரண்டு காலும் சேர்ந்து நடுங்கின. ஆனால் வெளிச்சம் வந்தது. தண்ணீரில் தாமிரத் தகடு போல இறங்கியது. எடுத்தேன். எடுத்து முடித்துத் திரும்பியபோது ஏரிக்கரை முனையில் ஒரு கடையில் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கலைஞன் ஒரு தடவைதான் தவறுவான் என்பார்கள். நான் ஒரு தட்டு தவறினேன். பிறகு இன்னொரு தட்டு. அதுவும் வெங்காய போண்டா. எங்கள் வீட்டில் விரத நாளில் வெங்காயத்தை வெட்டவே மாட்டார்கள், நான் வெட்டு வெட்டு என்று வெட்டினேன். சாப்பிடலாம் என்கிற பகல் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு, சாப்பிடக் கூடாது என்கிற இருட்டில் போய்ச் சாப்பிட்ட முதல் ஜைனன் நான்தான். உபவாசம் என்று ஆரம்பித்தது போண்டா சகவாசத்தில் முடிந்தது.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஏரிப் படங்கள் சேர்ந்தன. போட்டிக்கு அனுப்ப ஒரே ஒரு குறைதான். ஏரியில் சூரியன் இறங்கும் இடத்துக்கு நேர்மேலே ஒரு மேகம் வேண்டும். அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளியே நின்றது. கடைசித் தேதிக்கு முன்னால் இன்னும் ஒரு சதுர்த்தசி மிச்சமிருந்தது. அன்றைக்கு அது வந்துவிடும் என்று உறுதியாக இருந்தேன்.

அந்த வாரச் சனிக்கிழமை ஸ்டுடியோவுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணி வந்தவர்கள், வந்ததோடு ஒரு படமும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று நுழைந்திருந்தார்கள். நான் விளக்கைத் திருப்பினேன். வெளிச்சம் முகத்தில் விழுந்தது. தேசூர் போண்டா கடை ஜெயவேல். பக்கத்தில் மாவு கரைக்கும் அவர் மனைவி பரிமளா.

"சார், உங்க ஸ்டுடியோவா இது?" என்றார் ஜெயவேல்.

"நேராப் பாருங்க."

பிரமிளாவுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெயவேல் அவளைப் பார்த்து மலர்ந்தார்.

"அம்மா, சாரை எனக்கு நல்லாத் தெரியும். நம்ம தேசூர்ல…"

"வாய மூடிக்கினு சிரிங்க. பேசினா படம் ஆடிடும்."

மூடினார். என் தொழிலில் இது ஒரு வசதி. யாரை வேண்டுமானாலும் வாயை மூடச் சொல்லலாம். ஆனால் பிரமிளா போகவில்லை. விளக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"தேசூரா?" என்றாள். "கோயிலாண்டயா கடை?"

"ஏரிக்கரை…"

"தாடையைத் தூக்குங்க," என்றேன்.

அவர் தாடையைத் தூக்கிக்கொண்டே பேசினார். "ஏரிக்கரையாண்டம்மா. போண்டா கடை."

"இவரு அங்க வருவாரா?"

"மூச்ச இழுத்துப் பிடிங்க. விட்றாதீங்க."

ஜெயவேல் நல்ல மனிதர். பிடித்துக்கொண்டார். ஆனால் பரிமளாவுக்கு நான் எந்த உத்தரவும் கொடுத்திருக்கவில்லை.

"வந்துகினேதாம்மா இருக்காரு," என்றாள் பரிமளா. "பொழுது இறங்கினா டக்குனு வந்துடுவாரு. பாவம், நாள் முழுக்க ஒண்ணும் துன்னாத மாதிரி துன்னுவாரு. இவரு வீட்ல சோறு போட மாட்டாங்களோ இன்னாவோன்னு நாங்க பேசிக்குவோம்."

நான் பட்டனை அழுத்தினேன். அந்தப் படத்தில் ஜெயவேலின் முகம் வெடிக்கப்போகும் பலூன் போல இருக்கும். பரிமளா கேமராவுக்கு வலப்பக்கம் நிற்கும் யாரையோ மிகுந்த இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப் போய்விட்டது.

 அன்று பிரமிளா பொழுதோடு சாப்பாடு போட்டாள். ரசம் கேட்டபோது ரசம் ஊற்றினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விடை தப்பாக இருந்தால் அவள் திட்டிவிடுவாள். திட்டாமல் ரசம் ஊற்றினால், கணக்கை வேறு வழியில் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

மறுநாள் என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டாள். எங்கள் பெண் துறவி ஒருவர், மாதாஜி, ஆரணிக்கு வந்திருந்தார். கூட்டம் நிறைய. முன்னால் போய் வணங்கியதும் பிரமிளா என் உபவாசத்தைப் பற்றிச் சொன்னாள். இரண்டு மாதமாக ஒரு அஷ்டமி, ஒரு சதுர்த்தசி விட்டதில்லை என்றாள். அவ்வளவு நிஜமான பெருமையோடு சொன்னாள். ஒரு கணம் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மாதாஜி அன்போடு என்னைப் பார்த்து, உங்களால் முடிகிறதா என்று கேட்டார். முடியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"தீபாவளி வரைக்கும் உங்க முன்னால சங்கல்பமா எடுத்துக்கணும்னு ஆசைப்படறாருங்க மாதாஜி," என்றாள் பிரமிளா. "கூடவே தேசவிரதமும்."

தேசவிரதம் என்றால், குறித்த நாளில் குறித்த எல்லையைத் தாண்டிப் போவதில்லை என்று எடுத்துக்கொள்ளும் விரதம். எல்லை எது என்று மாதாஜி கேட்டார். தேசூரும் உள்ளே வருகிற மாதிரி வந்தவாசி தாலுகா என்று சொல்லலாமா என யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டு வாசப்படிங்க," என்றாள் பிரமிளா.

தேசூர் போக வேண்டும் என்றுதான் நான் இதை ஆரம்பித்தேன். தேசூரில் பாதிதான் கிடைத்தது. தேசம் மட்டும்.

பிரமிளாவிடம் பொய் சொல்வது வேறு. அது குடும்பத்துக்குள் நடப்பது. மாதாஜி முன்னால் கை கூப்பி ஏற்றுக்கொண்டதை மீற எனக்குத் துணிச்சல் இல்லை. வெளியே வரும்போது நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் காலைத் தொட வந்தார். பிரமிளா தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம், உனக்கு எல்லாம் தெரியுமில்ல என்று கேட்டேன்.

"எதுங்க?"

"போண்டா."

"போண்டாவை விடுங்க," என்றாள். "சோறு போட மாட்டாங்களோன்னாங்களே. நாலு பக்கமும் பஸ்ஸு போற ஊர்ல கடை வச்சிருக்கிறவங்க, எத்தினி ஊருக்குச் சொல்லியிருப்பாங்க?"

சதுர்த்தசி வந்தது. உண்மையான உபவாசம். காலையில் பசி கதவைத் தட்டியது. மத்தியானம் உள்ளே வந்து உட்கார்ந்தது. சாயங்காலம் சந்தனாவுக்குத் தோசை வார்க்கிற வாசனை வந்ததும் மொட்டை மாடிக்கு ஓடினேன். மாடி வீட்டுக்குள்தான் சேர்த்தி என்று பிரமிளா அனுமதித்திருந்தாள். மேற்குப் பக்கம் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை. அந்த ஓரமாகக் கயிற்றுக் கட்டிலில் படுத்தேன். கண்ணை மூடினால் தேசூர் ஏரி தெரிந்தது. சரியான இடத்தில் மேகம் நின்றது. நான்தான் அங்கே இல்லை. அன்று நள்ளிரவோடு போட்டிக்குக் கெடு முடிகிறது. இருக்கிற படங்களையே அனுப்பியிருந்தேன்.

பிரமிளா மேலே வந்தாள். வடகம் எடுக்க வந்ததாகச் சொன்னாள். அவள் குரல் கனிவாக இருந்தது. பசியில் எல்லாக் குரலும் கனிவாகத்தான் கேட்கும்.

"புழுக்கமா இருக்குது. சட்டையைக் கழட்டிட்டுப் படுங்களேன்."

கழற்றினேன்.

"மல்லாந்து படுங்க. காத்து நல்லா வரும்."

மல்லாந்தேன்.

"கொஞ்சம் ஓரமா. இன்னும் கொஞ்சம். ம், போதும். அசையாதீங்க. அசைஞ்சா பசி கிளம்பும்."

இத்தனை வருடத்தில் அவள் இப்படிக் கவனித்ததில்லை. கண்ணில் நீர் வந்தது. பிறகு அவள் ஏதோ சாதாரணமாகக் கேட்பது போல, வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். என்னிடம் தொழிலைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. கண்ணை மூடியபடியே விளக்கினேன். முன்னால் இருக்கிற பொருள் கறுப்பாக விழும், உருவக்கோடு மட்டும் நிற்கும், வானம் நிறமாக வரும், கீழேயிருந்து எடுத்தால் சின்னப் பொருளும் பிரமாண்டமாகத் தெரியும்.

"சின்னப் பொருளுன்னு சொல்ல முடியாது," என்றாள்.

"எது?"

"வடகம்."

டக் என்று ஒரு சத்தம் கேட்டது. என்ன என்றேன். பல்லி என்றாள். இருபது வருடமாக என் காதுக்குப் பக்கத்தில் கேட்கிற சத்தம் அது. பசி காதை அடைத்திருந்தது. பல்லி ஏழெட்டு முறை சொன்னது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. என் ஏரிகள் மூன்றும் திரும்பி வந்தன. குறிப்பு எழுதியிருந்தார்கள்: தொழில்நுட்பம் சிறப்பு, உயிர் இல்லை. நான் சோபாவில் சாய்ந்தேன். அப்போது பிரமிளாவின் போனிலும் ஒரு கடிதம் வந்து விழுந்தது. அவள் படித்துவிட்டு சந்தனாவிடம் கொடுத்தாள். சந்தனா சத்தமாக வாசித்தாள்.

நிலக்காட்சிப் பிரிவில் தேர்வு பெற்ற படம், 'உபவாசம்'. எடுத்தவர் பிரமிளா, கணித ஆசிரியை, ஆரணி. மழையில்லாத மொட்டை மலையை உபவாசம் இருப்பதாகக் கண்ட பார்வை கவித்துவமானது. உச்சியிலிருக்கும் சிறு பள்ளம் காலத்தின் சுவடு. மலை மூச்சு விடுவது போலவே இருக்கிறது.

"எந்த மலைமா இது?" என்று கேட்டாள் சந்தனா.

"போண்டா மலை," என்றாள் பிரமிளா. "நல்ல நிலக்காட்சிக்கு தேசூர் வரைக்கும் போவணும்னு உங்க அப்பாதான் சொல்லிகினு இருந்தாரு. அவ்ளோ தூரம் எதுக்கு?"

கண்காட்சிக்கு மூன்று பேரும் போனோம். கதவுக்கு நேர் எதிரே, நல்ல இடத்தில், ஓர் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். ஆரஞ்சு வானம். அதன் கீழே நான், கறுப்பாக, உருண்டையாக, அமைதியாக. நன்றாகத்தான் எடுத்திருந்தாள். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் தன் மனைவியிடம், இது போளூர்ப் பக்கத்து மலைதான், சின்ன வயதில் இதன்மேல் ஏறியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரமிளா அவர் பக்கம் திரும்பினாள். "மேல காத்து எப்படிங்க?"

"அருமையா இருக்கும்மா," என்றார் அவர். "ஏர்றதுதான் கஷ்டம். சறுக்கும்."

நான் மெல்ல வயிற்றை உள்ளே இழுத்தேன். மலை ஓர் அங்குலம் இறங்கியது.